கருப்புக்கு ஒரு குளோஸ்-அப்

நாயகன் கருப்பாக இருந்தால் கெத்து. நாயகி கருப்பாக இருந்தால் அதுவே கதை. சினிமா, சீரியல், முகத்துக்குப் பூசும் கிரீம் மூன்றும் சேர்ந்து ஐம்பது ஆண்டுகளாகத் தமிழ்ப் பெண்ணின் நிறத்துக்கு வைத்துவரும் விலை என்ன?

1975, ஆகஸ்ட் மாதம். கே.பாலசந்தரின் ‘அபூர்வ ராகங்கள்’ வெளியானது. பெரிய கதவைத் தள்ளித் திறந்துகொண்டு, தாடியும் கசங்கிய கோட்டுமாக ஒரு கருத்த இளைஞர் தமிழ்த் திரைக்குள் நுழைந்தார். பெயர் ரஜினிகாந்த். அதே மாதம் 15ஆம் தேதி சென்னைத் தொலைக்காட்சி நிலையம் ஒளிபரப்பைத் தொடங்கியது. இந்துஸ்தான் லீவர் நிறுவனம் ‘ஃபேர் அண்ட் லவ்லி’ கிரீமை இந்தியச் சந்தைக்குக் கொண்டுவந்ததும் இதே 1975இல்தான்.

மூன்றும் ஒரே ஆண்டில் நிகழ்ந்தது தற்செயல். ஆனால் பிறகு மூன்றும் ஒரே கூடத்தில் குடியேறிவிட்டன. சுவரில் ரஜினி படம், மேஜையில் டிவி, கண்ணாடிக்குப் பக்கத்தில் கிரீம். கருத்த நாயகனுக்கு விசிலடித்த அண்ணனின் வீட்டில், தங்கைக்கு மட்டும் மாதம் தவறாமல் ஒரு டியூப் வாங்கி வந்தார்கள். அதில் இருக்கும் முரண்பாட்டை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை.

தமிழ்த் திரைக்குக் கருப்பு பிடிக்காது என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வதை நான் ஏற்க மாட்டேன். கருத்த ஆணைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடுகிற திரை இது. கருத்த பெண்ணை எங்கே வைப்பது என்பதில்தான் அதற்குக் குழப்பம். ஏழையாக வைக்கும், கொடுமைக்கு ஆளாகிறவளாக வைக்கும், காமெடிக்கு வைக்கும். சந்தோஷமாக, ஒருவன் ஆசைப்பட்டுத் துரத்துகிறவளாக, காரணம் எதுவும் சொல்லாமல் அழகியாக வைக்க மட்டும் கை வராது.

நம்ம ஆளும் மும்பை ஜோடியும்

ரஜினிக்குப் பின் விஜயகாந்த், முரளி, பார்த்திபன், தனுஷ், விஜய் சேதுபதி என்று வரிசை நீள்கிறது. ‘இவனெல்லாம் ஹீரோவா?’ என்று தொடக்கத்தில் கேலி பேசியவர்களே பிறகு முதல் நாள் முதல் காட்சிக்கு டிக்கெட் தேடி அலைந்தார்கள். கருப்பு அவர்களுக்கு மண்ணின் அடையாளமானது. ‘நம்ம ஆளு’ என்ற உரிமையை அந்த நிறமே வாங்கிக் கொடுத்தது.

அந்த நம்ம ஆளுக்கு ஜோடி தேடும்போது மட்டும் தயாரிப்பாளர்கள் விமானம் ஏறினார்கள். 80களின் கடைசியில் குஷ்பு, பிறகு நக்மா, சிம்ரன், ஜோதிகா, தமன்னா, ஹன்சிகா. இவர்கள் மீது எனக்கு எந்தக் குறையும் இல்லை. மொழி தெரியாத ஊருக்கு வந்து, உழைத்து, பெயர் வாங்கியவர்கள். என் கேள்வியெல்லாம், மதுரையிலும் தூத்துக்குடியிலும் நாயகனைக் கண்டுபிடித்த கண்களுக்கு அதே ஊர்களில் ஒரு நாயகி ஏன் தட்டுப்படவில்லை என்பதுதான்.

சரிதாவை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் ஆறாது. 1978இல் ‘மரோ சரித்ரா’வில் பாலசந்தர் அறிமுகப்படுத்திய பெண். ‘தண்ணீர் தண்ணீர்’ செவந்தியை, ‘அச்சமில்லை அச்சமில்லை’ நாயகியைப் பார்த்தவர்கள் அந்தக் கண்களை மறக்க முடியாது. அதே சரிதா, பின்னாளில் நக்மா, விஜயசாந்தி, சௌந்தர்யா எனத் தென்னிந்தியத் திரையின் பல நாயகிகளுக்குப் பின்னணிக் குரல் கொடுத்தார். குரல் கருத்த பெண்ணுடையதாக இருக்கலாம், முகம் மட்டும் வேறாக இருக்க வேண்டும் என்பதுதான் சினிமாத்துறை எழுதாமல் எழுதிவைத்த ஒப்பந்தம். டப்பிங் அறையின் இருட்டில் நின்று சரிதா அழுத அழுகைக்குத் திரையில் வேறு முகங்கள் கைதட்டு வாங்கின.

2007இல் வந்த ‘சிவாஜி’ ரஜினியின் நிறத்தையே விளையாட்டுப் பொருளாக்கியது. நாயகியைக் கவர அவர் வெள்ளையாகத் துடிக்கும் காட்சிகளுக்கு அரங்கம் அதிர்ந்தது. ஒரு பாடலில், வெள்ளைக்காரப் பெண் ஒருவரின் தோல் நிறத்தைக் கணினியின் உதவியோடு ஆயிரக்கணக்கான ஃபிரேம்களில் அவர் மேல் ஏற்றியிருந்தார்கள். அதையாவது வேடிக்கை என்று விட்டுவிடலாம். அங்கவை, சங்கவை என்று பாரி மகளிரின் பெயரைச் சூட்டி, இரண்டு பெண்களுக்குக் கரிப்பூச்சு பூசி, அவர்களைப் பார்த்து நாயகன் மிரண்டு ஓடுவதாக எடுத்த காட்சியை என்னால் மன்னிக்க முடியவில்லை. ரஜினியின் கருப்பு ஒரு பாட்டில் வெளுத்து அடுத்த காட்சியில் திரும்பிவிட்டது. ‘அங்கவை, சங்கவை’ என்று பள்ளியில் கேலிக்கு ஆளான பெண் பிள்ளைகளுக்கு அப்படி ஓர் அடுத்த காட்சி இல்லை.

வெளிச்சம் யாருக்காக?

‘கருப்பா இருந்தா கேமராவுல எடுக்காதுங்க’ என்பது சினிமா வட்டாரத்தில் நெடுநாளாகச் சொல்லப்படும் சமாதானம். அதில் பாதி உண்மை உண்டு. அந்தப் பாதி, தோலைப் பற்றியதல்ல, கருவியைப் பற்றியது. கோடாக் நிறுவனம் புகைப்பட லேப்களுக்கு ஒரு மாதிரி அட்டை அனுப்பும். அதில் இருக்கும் பெண்ணின் தோல் நிறம் சரியாக வந்தால் பிரிண்ட் சரி என்று கணக்கு. ‘ஷெர்லி கார்டு’ என்று அழைக்கப்பட்ட அந்த அட்டையில் பல பத்தாண்டுகள் வெள்ளைக்காரப் பெண்களே இருந்தார்கள். வெள்ளைத் தோலுக்கு அளவெடுத்த சட்டையை நமக்கு மாட்டிவிட்டு, உடம்புதான் சரியில்லை என்றார்கள்.

அந்தச் சமாதானத்தைத் தன் கேமராவால் உடைத்துக் காட்டியவர் பாலு மகேந்திரா. மட்டக்களப்பில் பிறந்து, புனே திரைப்படக் கல்லூரியில் ஒளிப்பதிவு படித்தவர். முகத்துக்கு நேரே விளக்கைப் போட்டுச் சப்பையாக்காமல், ஜன்னல் வழியாக வரும் வெளிச்சத்தைப் பக்கவாட்டில் விழவிட்டார். கருத்த தோலில் வெளிச்சம் அப்படி விழும்போது கன்னத்தின் மேட்டிலும் மூக்கின் விளிம்பிலும் ஒரு மினுமினுப்பு எழும். வேறெந்தத் தோலிலும் அப்படி வராது என்பேன். ஷோபாவையும் அர்ச்சனாவையும் அவர் அப்படித்தான் காட்டினார்.

என்னிடம் ஒரே ஒரு தமிழ்ப் படத்தைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் அவருடைய ‘வீடு’ படத்தைத்தான் சொல்வேன். சுதாவாக வரும் அர்ச்சனா அலுவலகத்துக்குப் போகிறாள், வரிசையில் நிற்கிறாள், கடனுக்கு அலைகிறாள், ஒப்பந்தக்காரரிடம் ஏமாறுகிறாள். பருத்திப் புடவை, நெற்றியில் பொட்டு, முகத்தில் அன்றைய நாளின் எண்ணெய்ப் பிசுக்கு. கேமரா அவளுக்கு அருகே வரும்போது அந்தப் பிசுக்கைத் துடைத்துவிடச் சொல்லவில்லை. அந்தப் படத்தின் கவலை சிமெண்ட், செங்கல், கடன், தாத்தா. அவள் நிறம் ஒரு பிரச்சினையே இல்லை. அர்ச்சனாவுக்கு அந்தப் படத்துக்காகச் சிறந்த நடிகைக்கான தேசிய விருது கிடைத்தது. மறு ஆண்டே ‘தாசி’ என்ற தெலுங்குப் படத்துக்காக இன்னொன்று. ‘பசி’ படத்துக்காக ஷோபாவுக்கு ஏற்கெனவே கிடைத்திருந்தது. இவர்களுக்கு விருது கொடுத்தோம். இவர்களைப் போன்ற முகங்கள் தொடர்ந்து வருவதற்கு ஒரு வரிசையைத்தான் ஏற்படுத்தவில்லை.

சீரியலில் பூசிய கருப்பு

சீரியல் வேறு உலகம். தினமும் ஓர் எபிசோடு போக வேண்டும். கேமராக்கள் எந்தப் பக்கம் திரும்பினாலும் முகம் தெரிய வேண்டும் என்பதற்காக நாலா பக்கமும் விளக்கு. அதற்கு ஈடுகொடுக்க முகத்தில் தடிமனாக ஃபவுண்டேஷன், அதுவும் சொந்த நிறத்தைவிட ஓரிரு படி வெளுப்பாக. கழுத்துக்கும் முகத்துக்கும் நிறம் ஒட்டாமல் நிற்பதைப் பார்க்கப் பார்க்க நமக்குப் பழகிவிட்டது.

இந்த உலகத்தில் 2019இல் விஜய் டிவியின் ‘பாரதி கண்ணம்மா’ வந்தது. மலையாளத்தில் 2014இல் தொடங்கிய ‘கறுத்தமுத்து’தான் மூலம். தெலுங்கில் அது ‘கார்த்திக தீபம்’. மூன்று மொழியிலும் வெற்றி. கருப்பாகப் பிறந்ததால் வீட்டிலும் புகுந்த வீட்டிலும் அவமானப்படும் பெண், அவளை விரும்பி மணக்கும் டாக்டர், பிறகு அவனுடைய சந்தேகம். கையில் பையோடு வீட்டைவிட்டு வெளியேறி ரோஷினி ஹரிப்பிரியன் நடந்த நடை, ஊரடங்குக் காலத்தில் மீம்களாகத் தமிழ்நாடு முழுக்கச் சுற்றியது.

சிரித்தவர்களில் எத்தனை பேர் அந்தத் தொடரைப் பார்த்தார்களோ தெரியாது. நான் பார்த்தேன், கண்ணம்மாவுக்காக மனம் பதறியும் இருக்கிறேன். மாநிறப் பெண் ஒருத்தி இரவு எட்டரை, ஒன்பது மணிக் கதையின் நடுநாயகமாக நிற்பதே பெரிய விஷயம். அவளைப் பார்த்து, ‘நம்ம ஜாடையில ஒருத்தி வந்திருக்கா’ என்று நிமிர்ந்து உட்கார்ந்த பெண்களை எனக்குத் தெரியும். அந்த மகிழ்ச்சியை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் தொடர் அவளுக்குக் கொடுத்தது என்ன? அடி, அவமானம், பொறுமை. அவளைச் சுற்றி வெளுத்த முகங்கள் பட்டுப் புடவையில் மின்ன, அவள் கஷ்டத்தைத் தாங்கும் பெண்ணாகவே இருந்தாள். கருப்பு இங்கே ஒரு நிறமாக இல்லை, தலையெழுத்தாக இருந்தது.

இதற்கு அடுத்த கட்டம், வெளுத்த நடிகையைக் கருப்பாக்குவது. தெலுங்குக் ‘கார்த்திக தீப’த்தின் பிரேமி விஸ்வநாத்துக்குக் கருத்த மேக்கப் போட்டார்கள். சினிமாவிலும் இந்தப் பழக்கம் உண்டு. ‘பருத்திவீர’னில் பிரியாமணி, ‘ஜெய் பீம்’ படத்தில் லிஜோமோள் ஜோஸ். இருவரும் உயிரைக் கொடுத்து நடித்தார்கள். பிரியாமணிக்குத் தேசிய விருதே கிடைத்தது. அவர்கள் திறமை மேல் எனக்குச் சந்தேகமில்லை. ஆனாலும் கருத்த பெண்ணின் கதையைச் சொல்லும்போதுகூடக் கருத்த பெண்ணுக்கு வேலை இல்லை என்றால், அவளுக்கு எப்போதுதான் வேலை? வெளுத்த நடிகை கருப்பைப் பூசிக்கொண்டு விருது வாங்கலாம். கருத்த நடிகை வெளுப்பைப் பூசிக்கொண்டால்தான் ஆடிஷனுக்கே போகலாம்.

ஐஸ்வர்யா ராஜேஷ் இதை நேரில் அனுபவித்தவர். ‘மானாட மயிலாட’ மேடையிலிருந்து வந்தவர், 2015இல் ‘காக்கா முட்டை’யில் இரண்டு பையன்களுக்கு அம்மாவாக நடித்து எல்லோரையும் திரும்பிப் பார்க்க வைத்தார். 2020இல் வெளியான டெட்எக்ஸ் உரையில், நிறத்தையும் தோற்றத்தையும் காரணம் காட்டி ஒதுக்கப்பட்டதை அவரே வெளிப்படையாகப் பேசியிருக்கிறார். முன்னணி நாயகியாக அவர் நிலைத்தது இந்தத் துறையின் பெருந்தன்மையால் அல்ல, அவருடைய பிடிவாதத்தால்.

டியூபுக்குள் என்ன இருக்கிறது?

சீரியலில் கண்ணம்மா அழுகிற இடத்தில் நிறுத்திவிட்டு, இடைவேளையில் முகப்பொலிவு கிரீமை விற்கும் தொழில் இது. அந்த விளம்பரங்களின் கதை நமக்கு மனப்பாடம். மகன் இல்லையே என்று பெருமூச்சுவிடும் அப்பா. கருத்த மகள் கிரீம் பூசுகிறாள், வெளுக்கிறாள், விமானப் பணிப்பெண் ஆகிறாள், அப்பாவைப் பெரிய ஹோட்டலுக்கு அழைத்துப் போகிறாள். அனைத்திந்திய ஜனநாயக மாதர் சங்கம் போராடியதால் 2003இல் இந்த விளம்பரம் நின்றது. ஆனால் வேலை, கல்யாணம், மரியாதை மூன்றும் நிறத்தில்தான் இருக்கின்றன என்ற பாடம் அதற்குள் ஆழமாகப் பதிந்துவிட்டது.

நம் எல்லோருக்கும் தோலில் நிறமியைத் தயாரிக்கும் செல்கள் ஏறக்குறைய ஒரே எண்ணிக்கையில்தான் இருக்கின்றன. அவை எவ்வளவு மெலனினை, எந்த வகையில் தயாரிக்கின்றன என்பதில்தான் வித்தியாசம். அதைப் பெரும்பாலும் முடிவுசெய்வது மரபணு. கடையில் கிடைக்கும் கிரீம்களில் பொதுவாக இருக்கும் நியாசினமைடு, நிறமி மேல்தோலுக்குப் போவதை ஓரளவு தாமதப்படுத்தும். சன்ஸ்கிரீன், வெயிலில் கருப்பதைத் தடுக்கும். டைட்டானியம் டையாக்ஸைடு, பூசிய நிமிடத்தில் ஒரு வெண்பூச்சைக் கொடுக்கும். பிறவி நிறத்தைத் தாண்டி ஒருவரை வெளுப்பாக்கும் வேலையை இவை எதுவும் செய்யாது. கர்ப்பிணிக்குக் கொடுக்கும் குங்குமப்பூப் பாலும் செய்யாது.

ஆபத்து, வெளுப்பு உண்மையிலேயே வருகிற கிரீம்களில்தான் இருக்கிறது. எங்கள் பகுதி ஃபேன்சி ஸ்டோர் ஒன்றில், சரமாகத் தொங்கும் ஷாம்பு சாஷேக்களுக்குக் கீழே, ஹேர்பின் வாங்க நின்றிருந்தேன். யூனிஃபார்ம் போட்ட பிளஸ் டூ மாணவி ஒருத்தி தயங்கித் தயங்கி, “அக்கா, அந்த ரோஸ் டப்பா வந்துடுச்சா?” என்றாள். கடைக்கார அம்மா மேஜைக்கு அடியிலிருந்து ஒரு டப்பாவை எடுத்தார். மேலே தமிழும் இல்லை, உள்ளே என்ன கலந்திருக்கிறது என்ற விவரமும் இல்லை. “நைட்டு மட்டும் பூசு கண்ணு, ஒரே வாரத்துல தெரியும். நிறுத்திடாத, நிறுத்தினா மறுபடி கருத்துடும்” என்றார்.

அந்தக் கடைசி வாக்கியம் ஓர் எச்சரிக்கை மணி. ஸ்டீராய்டு கலந்த கிரீம் அப்படித்தான் வேலை செய்யும். முதலில் பளபளப்பு. பிறகு தோல் மெலிந்து ரத்த நாளங்கள் தெரியும், பருக்கள் கிளம்பும், முகத்தில் ரோமம் வளரும், வெயில் பட்டால் எரியும். நிறுத்தினால் முகம் சிவந்து வீங்குவதால் பயந்துபோய் மறுபடி பூசுவார்கள். தோல் மருத்துவர்கள் இதற்காகத் தொடர்ந்து குரல் கொடுத்ததன் பலனாக, 14 வகை ஸ்டீராய்டு கிரீம்களை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று 2018இல் மத்திய அரசு உத்தரவிட்டது.

இன்னொரு நஞ்சு பாதரசம். கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில் கோட்டக்கல் மருத்துவமனை ஒன்றின் மருத்துவர்கள், 2021க்கும் 2023க்கும் இடையே ஒருவகைச் சிறுநீரக நோயோடு வந்த 22 பேரை ஆராய்ந்தார்கள். அவர்களில் 15 பேருக்கு அரிதான ஒரு கூறு தென்பட்டது. அந்த 15 பேரில் 13 பேர் வெளுப்பு கிரீம் பூசியவர்கள். முகத்தில் பூசியதன் விலையைச் சிறுநீரகம் கொடுத்தது.

பெயர் மாறியது, மனசு?

2020இல், அமெரிக்காவில் ஜார்ஜ் ஃபிளாய்ட் கொல்லப்பட்டதை அடுத்து உலகெங்கும் எழுந்த கொந்தளிப்பில், ‘ஃபேர் அண்ட் லவ்லி’ ‘குளோ அண்ட் லவ்லி’ ஆனது. ஜான்சன் அண்ட் ஜான்சன் தன் ஃபேர்னஸ் வரிசையை நிறுத்தியது. ஷாதி டாட் காம், நிறத்தை வைத்து வரன் தேடும் வசதியை நீக்கியது. அதற்கு முன்பே, 2014இல், நிறத்தை வைத்து யாரையும் தாழ்த்திக் காட்டக் கூடாது என்று இந்திய விளம்பரத் தர நிர்ணய கவுன்சில் விதி வகுத்திருந்தது.

இவை நல்ல மாற்றங்கள், வரவேற்கிறேன். ஆனால் சந்தை வேறு வாசல் வழியாக உள்ளே வந்துவிட்டது. இப்போது ‘டீ-டேன்’, ‘பிரைட்டனிங்’, ‘குளூட்டாதயோன் ஊசி’. தோலை வெளுப்பாக்கும் எந்த ஊசி மருந்துக்கும் தான் ஒப்புதல் தரவில்லை என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. இங்கே பல ஊர்களில் கல்யாணப் பேக்கேஜில் அதையும் சேர்த்துத் தருகிறார்கள். மொபைல் கேமராவின் பியூட்டி ஃபில்டர், காசு வாங்காமலேயே எல்லோரையும் வெளுக்கவைக்கிறது.

எதிர்நீச்சலும் இங்கிருந்தே தொடங்கியது. 2009இல் சென்னையைச் சேர்ந்த ‘விமன் ஆஃப் வொர்த்’ அமைப்பு, கவிதா இம்மானுவேலின் முயற்சியில் ‘டார்க் இஸ் பியூட்டிஃபுல்’ இயக்கத்தைத் தொடங்கியது. ‘அழகி’யில் நம் மனதில் நின்ற நந்திதா தாஸ் பிறகு அதன் முகமானார். பருக்களை மறைக்காமல் ‘பிரேமம்’ படத்தில் வந்து நின்ற சாய் பல்லவி, பெருந்தொகை தருவதாகச் சொல்லியும் ஃபேர்னஸ் கிரீம் விளம்பரத்தை மறுத்தார். பணத்தை வேண்டாம் என்று சொன்ன அந்த ஒரு சொல், ஆயிரம் விழிப்புணர்வுப் போஸ்டர்களைவிட வலிமையானது.

நான் கேட்பது

வெளுப்பு மோகத்தை ஆங்கிலேயர் தலையில் மட்டும் கட்டிவிட முடியாது. வெயிலில் நிற்பவர் யார், நிழலில் உட்காருபவர் யார் என்ற சாதிக் கணக்கும் அதற்குள் இருக்கிறது. அதே சமயம், இது நம் ஆதி ரசனையும் அல்ல. சங்கப் பாடல்களில் தலைவியின் மேனி மாந்தளிர் நிறம். அது வெளுத்தால் பிரிவு நோய் என்று தோழி பதறுவாள். வெளுத்த மேனியைத் துயரமாகப் பார்த்த மரபிலிருந்து வந்தவர்கள், வெளுக்கக் கடன் வாங்குகிறோம்.

அழகுப் பொருளே கூடாது என்று சொல்ல வரவில்லை. கண்மை, பொட்டு, லிப்ஸ்டிக் எல்லாம் எனக்கும் பிடிக்கும். நல்ல சன்ஸ்கிரீனும் மாய்ஸ்சரைசரும் வாங்குங்கள். ஃபவுண்டேஷன் வாங்கினால் தாடையோரம் தடவிப் பார்த்து உங்கள் நிறத்தோடு கரைவதை எடுங்கள். உங்கள் நிறத்துக்கு ஷேடு இல்லையென்றால், அது கடையின் குறை. ‘டார்க் கலர் உங்களுக்கு எடுக்காதும்மா’ என்று சொல்லும் ஜவுளிக்கடைப் பையனிடம் அரக்கும் மாம்பழ மஞ்சளும் எடுத்துப் போடச் சொல்லுங்கள்.

அம்மாக்களிடமும் அத்தைகளிடமும் ஒரு வேண்டுகோள். ‘கருப்பா இருந்தாலும் களையா இருக்கா’ என்று பிள்ளையின் காதுபடப் பாராட்டாதீர்கள். அந்தப் பாராட்டு எவ்வளவு வலிக்கும் என்பது கேட்டவளுக்குத்தான் தெரியும்.

சேனல்களுக்கும் இயக்குநர்களுக்கும் சொல்வது இதுதான். கருத்த பெண்ணுக்கு இரக்கக் கதை எழுதியது போதும். அவள் போலீஸாக வரட்டும், வில்லியாக வரட்டும், வாய் ஓயாத காமெடித் தோழியாக வரட்டும், மழையில் டூயட் பாடட்டும். அவள் நிறத்தைப் பற்றி ஒரு வசனம்கூட வேண்டாம். அவள் தோலுக்கு ஏற்ற வெளிச்சத்தைப் போட்டு, கேமராவை அருகே கொண்டுபோங்கள். கருத்த நாயகனை ஐம்பது ஆண்டுகளாகக் கொண்டாடிய ரசிகர்கள் அவளையும் கொண்டாடுவார்கள். அவர்களுக்கு அந்த வாய்ப்பைக் கொடுக்க வேண்டியது நீங்கள்தான்.